இரண்டாவது மணிச்சத்தம்

என் ஓரகத்தியின் மேசையில் கம்ப்யூட்டர் உண்டு, திரை கிடையாது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்த மேசையைப் பார்த்துவிட்டு ஒரு கணம் விழிப்பார்கள். கீழே கறுப்புப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கும். மேலே எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கீபோர்டு. திரை இருக்க வேண்டிய இடத்தில் மடித்துவைத்த துணி, வெங்காயக் கூடை, சில நாள் நான் தைத்து முடித்த பள்ளிச் சீருடை மூட்டை. கண் தெரியாதவளுக்கு அது எதற்கு, இடத்தை அடைத்துக்கொண்டு என்று சொல்லி, இருந்த திரையை வெளியூரில் படிக்கும் என் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். மவுஸ் எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குடும்பத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் அக்கா என்று பெயர். கம்ப்யூட்டரில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்கிற திரை வாசிப்பான் ஒன்றை வைத்திருக்கிறாள். அதன் வேகத்தை அவள் ஏற்றி ஏற்றி, இப்போது மற்றவர்கள் காதில் விழுந்தால் டப்பாவில் கடுகைப் போட்டுக் குலுக்குகிற சத்தமாகத்தான் இருக்கும். அவளுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்கும். ஒருமுறை நான் ஹெட்போனை வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று கழற்றிக் கொடுத்தேன். நாமெல்லாம் பேசுவதுதான் தனக்கு இழுவையாக இருக்கிறது என்றாள். கொழுப்புதான். அந்தக் கொழுப்பு எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

அவர்கள் கீழ்வீடு, நாங்கள் மாடி. அக்கா ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் தகவல் அவளுக்கு வரும், அவள் மெக்கானிக்கை அனுப்பிவைப்பாள். அதற்குமுன் அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். இருபது வயதுக்குமேல் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கி, முப்பதுக்குள் முழுக்கப் போய்விட்டது. அவள் கணவர் என் கணவருக்கு அண்ணன். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் அங்கேயே மெக்கானிக். இருவரும் முகம் பார்ப்பதற்குமுன் குரலில் பழகியவர்கள்.

லிஃப்ட் இறங்கி நிற்கிற கடைசித் தளத்துக்கும் கீழே ஒரு குழி இருக்கும். சில பழுதுகளுக்கு மெக்கானிக் அதற்குள் ஏணி வைத்து இறங்க வேண்டும். தனியாக இறங்குகிறவர் இறங்கும்முன் 'உள்ளே' என்று அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், ஏறி வந்ததும் 'வெளியே' என்று சொல்ல வேண்டும். அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது தகவல் வரவில்லையென்றால் ஆளைத் தேட வேண்டும். அப்போது இதெல்லாம் போனில்தான். வெளியே வந்துட்டேன் மேடம் என்று சொன்ன பிறகும் அத்தான் போனை வைக்க மாட்டாராம். அங்கே மழையா, சாப்பிட்டாச்சா, பின்னால் யார் இருமுகிறார்கள் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாராம். வெளியே வந்து என்னோடு பேசுவதற்காகவே மனுஷன் குழியில் இறங்கினார் என்று அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு நிறுவனம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டது. மெக்கானிக் தன் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அக்காவின் கம்ப்யூட்டரில் டிங் என்று மணியடித்து, இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று ஓர் அறிவிப்பு வரும். யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அத்தான் மட்டும் கேட்கிற ஆளா? பொத்தானையும் அமுக்குவார், கையோடு போனும் அடிப்பார். என்ன செய்றே என்று கேட்பார். ஒன்றும் செய்யலை என்பாள். சரி என்று வைத்துவிடுவார். இதற்கு ஒரு போனா என்று நான் கிண்டல் செய்வேன்.

அக்கா இயல்பிலேயே பயந்தவள். அத்தான் குழிக்குள் இருக்கிற நேரமெல்லாம் அவளுடைய இடதுகால் மேசைக்கடியில் தானாக ஆடிக்கொண்டிருக்கும். மற்ற மெக்கானிக்குகள் இறங்கினாலும் ஆடும், கொஞ்சம் மெதுவாக. குழிக்குள் போன் எடுக்காது. அந்த அரை மணிக்குள் அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. அத்தான் ஏறி வந்தவர், பொத்தானை அமுக்க மறந்து, போனையும் பையிலேயே விட்டுவிட்டு, எதிர்க் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நேரம் தாண்டியதும் அக்கா விதிப்படி அபாய அழைப்பைக் கொடுத்துவிட்டாள். மீட்பு வண்டி சைரனோடு வந்து, ஆட்கள் கயிறும் ஏணியுமாக உள்ளே ஓட, அத்தான் கையில் டம்ளரோடு வேடிக்கை பார்த்திருக்கிறார், யாருக்கு என்ன ஆச்சோ என்று. அப்புறம் பல நாள் வேலையிடத்தில் அவரை ஓட்டித் தள்ளினார்கள். பொண்டாட்டி தேடுறா, சீக்கிரம் போ என்று. மேனேஜர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வீணாக வண்டியை வரவழைத்தால் அந்த மேசைக்குக் கண் தெரிந்த ஆளாகப் பார்த்துப் போட வேண்டியிருக்கும் என்று அக்காவிடமே சொன்னார். மற்றதையெல்லாம் அவள் மறந்திருப்பாள். கண் தெரிந்த ஆள் என்ற சொல் மட்டும் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

இனி அவளுடைய இன்னொரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு வருகிற அறிவிப்புகளில் பாதி வேலை சம்பந்தப்பட்டது, பாதி எங்கள் குடும்பக் குழுவில் வருவது. குழுவில் எங்கள் பெரிய மாமா ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குப் படம் அனுப்புவதே பணி. பூ, சூரியன், குழந்தை, மறுபடி பூ. நமக்காவது கண்ணை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அவளுக்கு அந்தக் குரல் குழுவின் பெயர், மாமாவின் பெயர், 'படம்' என்று ஒவ்வொன்றையும் படித்துக்காட்டும். அதனால் குழுவின் பெயரில் முதல் எழுத்து காதில் பட்டதுமே அவள் இடதுகைச் சுண்டுவிரல் கன்ட்ரோல் விசையைத் தட்டிவிடும். தட்டினால் குரல் வாயை மூடும். கொஞ்சம் சேர்ந்ததும் விண்டோஸ் விசையையும் 'என்' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அமுக்கி அறிவிப்புப் பலகையைத் திறப்பாள், டேப் தட்டி எல்லாவற்றையும் அழி என்ற இடத்துக்குப் போவாள், ஒரு என்டர். சுத்தம். அடுப்படி மேடையைத் துடைக்கிற மாதிரி, யோசிக்காமல் செய்கிற காரியம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். ஞாயிறுகளில் மேசைக்கு அவள் ஒருத்திதான். அத்தான் ஊரின் அந்தக் கோடியில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் போயிருந்தார். விடுமுறையென்று பூட்டிக் கிடக்கிற கட்டடம், வாட்ச்மேனைத் தவிர ஆள் கிடையாது. 'உள்ளே' என்று அறிவிப்பு வந்தது. அக்காவின் கால் ஆடத் தொடங்கியது. நான் அவள் மேசையில், திரை இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்த துணியை மடித்து அடுக்கிக்கொண்டே என் கணவரைப் பற்றி ஒரு நீளமான புகாரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் லாரியோடு வெளியூர் போய் நாலு நாள் ஆகியிருந்தது. ஒரு காதில் நான், ஒரு காதில் ஹெட்போன். அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

டிங் என்றது. உடனே இன்னொரு டிங். சுண்டுவிரல் கன்ட்ரோலைத் தட்டியது. மாமா இன்றைக்கு எத்தனை பூ அனுப்பியிருக்கிறாரோ என்று முணுமுணுத்தாள். விண்டோஸ், என், டேப், என்டர். நான் புகாரைத் தொடர்ந்தேன். இரண்டு சட்டை மடித்திருப்பேன். அவள் உம் கொட்டுவது நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கீபோர்டுமேல் விரல்கள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

"மணி ரெண்டு தடவை அடிச்சுதா?" என்றாள்.

அடித்த மாதிரிதான் இருந்தது என்றேன். ஒன்று மாமா. இன்னொன்று யார்? குரல் குழுவின் பெயரைச் சொல்லத் தொடங்கியதுமே அவள் அதன் வாயை அடைத்துவிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற இரண்டாவது அறிவிப்பும் அந்த ஒரே தட்டில் சேர்ந்து அடங்கிவிட்டது. அத்தோடு விட்டாளா, பலகையையும் துடைத்துவிட்டாள். இரண்டாவதும் மாமாவின் பூவாக இருக்கலாம். வேறு ஏதாவது கட்டடத்துத் தகவலாக இருக்கலாம். அத்தானின் 'வெளியே'யாகவும் இருக்கலாம். எதுவென்று கேட்க இனி ஆளில்லை.

முதலில் அத்தானின் போனுக்கு அடித்தாள். போகவில்லை. குழிக்குள் இருந்தாலும் போகாது. வெளியே வந்து சார்ஜ் தீர்ந்திருந்தாலும் போகாது. அவர் போனில் எப்போதும் சாகிற நிலையில்தான் சார்ஜ் இருக்கும். அடுத்து வாட்ச்மேனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குழுவைப் போனில் திறந்து பார்க்கச் சொன்னாள். நான் பார்த்தேன். மாமா அந்த நேரத்துக்கு ஒரு படம்தான் அனுப்பியிருந்தார். ஆகவே இரண்டாவது அவருடையது இல்லை. ஒரு பூ, அதுவும் மஞ்சள் பூ. அந்தப் பூவைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிறுவனத்தின் செயலியில் நிகழ்வுகள் என்று ஒரு பக்கம் உண்டு, வந்த தகவலெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும், அதைத் திறக்க வேண்டியதுதானே என்றேன். போன வாரம்வரை திறப்பாள். போன வாரம் யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பக்கத்தை அழகுபடுத்துகிறேன் என்று புதுப்பித்திருக்கிறான். அன்றிலிருந்து அவள் டேப் தட்டத் தட்ட குரல் ஒரே சொல்லைத்தான் சொல்கிறது. பட்டன். பட்டன். பட்டன். எந்தப் பட்டன், எதற்கான பட்டன் என்று ஒன்றுமில்லை. பட்டியலும் வாசிக்கவில்லை. இரண்டு முறை புகார் கொடுத்தாள், பார்க்கிறோம் என்றார்களாம். கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், செய்வதுதான் இல்லை.

மேனேஜருக்கும் அடித்தாள். அவர் ஏதோ விசேஷ வீட்டில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். கம்ப்யூட்டர் பக்கத்தில் இல்லையாம். வந்திருக்கும்மா, நல்லாப் பாரு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, போன வருஷம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்றார். அவள் சரி சார் என்று வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குக் கண் இருக்கிறது, அவளுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது, நடுவில் ஒரு திரைதானே இல்லை என்று மாடிக்கு ஓடினேன். எங்கள் டிவியை ஒயரோடு பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினேன். ஒயர் பின்னால் படியில் தட்டிக்கொண்டே வந்தது. துணியையெல்லாம் தரையில் தள்ளிவிட்டு டிவியை மேசையில் வைத்தேன். எங்கே சொருகுவது என்று எனக்குத் தெரியாது. அவள் குனிந்து பெட்டியின் முதுகை விரலால் தடவி, சரியான ஓட்டையில் சொருகினாள். டிவியைப் போட்டேன். சிவப்பு விளக்கு பச்சையானது. திரை கறுப்பு. வேறு ஒயரா, வேறு ஓட்டையா என்று பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தோம். கறுப்பு.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை அக்கா. இருட்டா இருக்கு."

அவள் பக்கத்தில் இருந்த பேசும் கடிகாரத்தைத் தட்டினாள். 'உள்ளே' என்று வந்து அரை மணி தாண்டியிருந்தது. அவள் உட்கார்ந்தாள். கால் ஆடவில்லை. அது நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"எனக்குக் கேக்கலை" என்றாள் மெதுவாக. "கேக்காததை வந்துடுச்சுன்னு நான் எப்படி வச்சுக்கிறது? வரலைன்னுதான் வச்சுக்கணும்."

அபாய அழைப்புக்கு மட்டும் தனியாக மூன்று விசை உண்டு. செயலி வந்த புதிதில் அவள் சண்டை போட்டு வைக்கச் சொன்னது. மூன்றையும் சேர்த்து அமுக்கினாள். ஹெட்போனில் கடுகு குலுங்கியது. போயிடுச்சு, ரத்து செய்ய அஞ்சு நிமிஷம் இருக்குன்னு சொல்லுது என்றாள்.

அந்த வேளையில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டாள். அலுவலகத்தில் இருந்த காலத்தில் பக்கத்து இருக்கைக்காரி இவள் தோளுக்குமேல் எட்டி இவளுக்கு வருவதையெல்லாம் படிப்பாளாம். அதற்காக, திரையை முழுக்க இருட்டாக்கிவிடுகிற வசதி ஒன்றைத் திரை வாசிப்பானில் போட்டுவைத்திருக்கிறாள். அப்புறம் எத்தனை கம்ப்யூட்டர் மாறியும் அந்த இருட்டு கூடவே வந்திருக்கிறது. அவளுக்கு இருட்டும் ஒன்று, வெளிச்சமும் ஒன்று. நினைவில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. எதையோ தட்டினாள், கீழ் அம்பை விறுவிறுவென்று அமுக்கினாள், ஒரு ஸ்பேஸ். திரையில் பளீரென்று வெளிச்சம் வந்தது.

நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தேன். அபாய அழைப்பு அனுப்பப்பட்டது என்று மேலே சிவப்பில் ஓடியது. அதன் கீழே பட்டியல். கடைசி வரியில் அத்தானின் பெயர். பக்கத்தில் பச்சையில் ஒரே சொல். வெளியே.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வந்துட்டார் அக்கா, வெளியே வந்துட்டார், அந்த ரெண்டாவது மணி அவர்தான் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவளும் அப்பாடா என்று மூச்சை விட்டாள். மறுகணம் இருவருக்கும் மீட்பு வண்டி ஞாபகம் வந்தது. ரத்து செய் என்று ஒரு பொத்தான் திரையில் இருந்தது, பக்கத்தில் நிமிடம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தது. மவுஸ் இருந்தால் நானே சொடுக்கியிருப்பேன். எனக்குத் தெரிந்தது, தொட முடியவில்லை. அவளால் தொட முடிந்தது, எது எதுவென்று தெரியவில்லை. நான் பொத்தான்களை விரல்விட்டு எண்ணி, மேலிருந்து நாலாவது என்றேன். அவள் டேப் தட்டினாள். பட்டன். பட்டன். பட்டன். பட்டன். நாலாவதைச் சுற்றி ஒரு நீலக் கோடு விழுந்தது. அதான், அமுக்குங்க என்றேன்.

என்டர்மேல் விரல் போய் நின்றது. அமுக்கவில்லை.

"வெளியேன்னு வந்து எவ்வளவு நேரம் ஆகுது?"

பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"வெளியே வந்து பொத்தானை அமுக்க மறக்காதவர் என்னை ஏன் கூப்பிடலை?"

சார்ஜ் இருக்காது என்றேன். வாட்ச்மேன் போனில் கூப்பிடுவார் என்றாள். வாட்ச்மேன்தான் எடுக்கவில்லையே, சாப்பிடப் போயிருப்பான் என்றேன். அப்படியானால் ரோட்டில் போகிறவனை நிறுத்திப் போன் வாங்குவார், வாங்கியிருக்கிறார் என்றாள். நேரம் ஒரு நிமிடத்துக்கு வந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன பிடிவாதம் இது, என் கண்ணால் படிக்கிறேன், பச்சையில் போட்டிருக்கிறது, வண்டி போய் நின்றால் உங்கள் வேலை போகும், அத்தான் மானம் போகும், அமுக்குங்கள் என்று கத்தினேன். அவள் கை பிடித்து நானே அமுக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"நீ படிக்கிறது சரிதான்" என்றாள். "ஆனா அது அவர் இல்லையே. பொத்தான்தானே."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து, தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தப்பித்தவறி விரல் போய்விடுமோ என்ற பயம். திரையில் நேரம் தீர்ந்தது. ரத்து செய் என்ற பொத்தான் சாம்பல் நிறமாகிச் செத்துப்போனது. நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

நான் தரையில் உட்கார்ந்து, கீழே தள்ளிய துணியை மறுபடி மடித்தேன். மடித்ததையே பிரித்து மடித்தேன். மேனேஜரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. அவள் எடுக்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும். கண் தெரிந்த ஆள். நாளைக்கு யார் அந்த மேசையில் உட்காருவார்கள், அவள் காலையில் எழுந்து எதைச் செய்வாள் என்று என் புத்தி எங்கெங்கோ ஓடியது. இன்னொரு பக்கம், அத்தான் எங்கேயாவது டம்ளரோடு உட்கார்ந்திருக்கட்டும், வேலை போனால் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவளும் அதைத்தான் வேண்டியிருப்பாள். நடுவில் ஒருமுறை டிங் என்றது. சுண்டுவிரல் தொடைக்கடியிலேயே கிடந்தது. குரல் முழுவதையும் படித்து முடித்தது. பெரிய மாமா, படம்.

பிறகு புது எண்ணிலிருந்து போன் வந்தது. மீட்பு வண்டியின் தலைவர். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். ஆள் கிடைச்சுட்டார்மா, உயிருக்கு ஒண்ணுமில்லை, கால்தான் என்றார் அவர். எங்கே இருந்தார் என்று அக்கா கேட்டாள்.

"குழிக்குள்ள."

நடந்ததை அத்தானே பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சொன்னார். வேலை முடிந்து ஏறியிருக்கிறார். 'வெளியே' பொத்தானை அமுக்கியிருக்கிறார். லிஃப்டுக்கு மின்சாரத்தையும் போட்டுவிட்டார். போனை எடுத்து அக்காவைக் கூப்பிடப் போகும்போது, டார்ச்சைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு நிமிஷ வேலைதானே என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார். இன்னொரு தடவை 'உள்ளே' என்று அமுக்கவில்லை, மின்சாரத்தை நிறுத்தவுமில்லை. ஏணி வழுக்கியது. கால் முறிந்தது, போன் நொறுங்கியது, கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தலைக்குமேல் லிஃப்ட் கூண்டு உயிரோடு நின்றது. சாப்பிடப் போன வாட்ச்மேன் திரும்பி வந்து ஏதாவது ஒரு தளத்தில் பொத்தானைத் தொட்டிருந்தால் அது அசைந்திருக்கும். மீட்பு ஆட்கள் முதலில் செய்தது அந்த மின்சாரத்தை நிறுத்தியதுதானாம். கணக்குப்படி அவர் வெளியே. விதிப்படி அவரைத் தேட வேண்டிய அவசியம் திங்கட்கிழமை காலைவரை எவருக்கும் இல்லை.

அந்த இரண்டாவது மணியை அக்கா ஒழுங்காகக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன். அப்பாடா என்றிருப்பாள். கால் ஆடுவது நின்றிருக்கும். போன் வராததைக் கொஞ்ச நேரம் திட்டியிருப்பாள். நானும் சேர்ந்து திட்டியிருப்பேன். ரத்து செய் என்று கத்தியதும் நான்தானே. அதை அவள் இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

மேனேஜர் மறுநாள் கூப்பிட்டு, 'வெளியே' என்று பதிவாகியிருந்தும் எப்படி வண்டியை அனுப்பத் தோன்றியது என்று கேட்டார். தனக்கு அது காதில் விழவில்லை, அறிவிப்பைத் தானே அழித்துவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர், அந்தப் பட்டன்களைச் சரி பண்ணச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வந்துவிட்டது. பார்க்கிறோம் என்று சொன்னவர்கள் பார்த்துவிட்டார்கள். என் டிவியை நான் மாடிக்கு எடுத்துப் போய்விட்டேன். மேசையில் மறுபடி வெங்காயக் கூடை.

அத்தான் இப்போது மாவுக்கட்டோடு வீட்டில் இருக்கிறார், இரண்டு கைக்கும் ஊன்றுகோல். அக்கா வேலை பார்க்கிறாள். டிங் என்றால் சுண்டுவிரல் துடிக்கும், ஆனால் தட்டாது. மாமாவின் பூ, சூரியன், குழந்தை எல்லாவற்றையும் கடைசி எழுத்துவரை கேட்டுவிட்டுத்தான் அடுத்த காரியம். ஆனால் பயம் போகவில்லை. முன்பு 'வெளியே' என்று வரும்வரைதான் பயம். இப்போது வந்த பிறகும் பயம். எந்த மெக்கானிக் அமுக்கினாலும் உடனே போன் போட்டு அவன் குரலைக் கேட்காமல் விடுவதில்லை. இளவட்டங்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்வதைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதி.

நேற்று நான் சீருடை மூட்டையோடு கீழே இறங்கினபோது அத்தான் ஊன்றுகோலை ஊன்றிக் குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். கதவருகே நின்று, "உள்ளே" என்று கத்தினார். அக்கா ஹெட்போனை ஒரு காதிலிருந்து கழற்றினாள். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார், அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மேசைக்கடியில் கால் ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. "வெளியே வந்துட்டேன் மேடம்" என்றார் அத்தான்.

அவள் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஊன்றுகோல் ஈரத் தரையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தட்டித் தட்டிப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் கையை நீட்டி அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன செய்றே?" என்றார்.

"ஒண்ணும் செய்யலை" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.